இடது தொடை நாற்பத்தொன்று

பாடாங் செராயில், டயர் கடைக்கு மேல்மாடி
எங்கள் ஆய்வறை.
கீழே கம்ப்ரசர் இரையும்போதெல்லாம்
மேசைமேல் ஜெல் நடுங்கும்.
வாடகை மாதம் அறுநூறு வெள்ளி,
உறைபெட்டிக்கு மின்சாரம் தனி.

சூசை ஏழாவது ஆள்.
செம்பனைக் குலை, இருபத்தெட்டுக் கிலோ,
இடது முழங்காலுக்குக் கீழே இறங்கியதில்
எட்டு வாரம் மாவுக்கட்டு.
கட்டுப் பிரித்த மறுநாள்
மருமகனின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வந்தார்.
படி பதினாறு. ஒவ்வொன்றிலும் நின்று,
"கால் போனவன மாடிக்கு வரச் சொன்னது யாரு?" என்றார்.
அதற்கு எங்கள் படிவத்தில் பதில் இல்லை.

நாடாவைச் சுற்றினேன்.
வலது தொடை நாற்பத்தேழு. இடது நாற்பத்தொன்று.
இறுக்கிப் பிடித்துவிட்டேனோ என்று
மறுபடி அளந்தேன். நாற்பத்தொன்றுதான்.
ஒரே ஆள், ஒரே சோறு, ஒரே ரத்தம்,
நடுவில் ஆறு சென்டிமீட்டர்.

மரத்துப்போக ஒன்று, பிறகு தடித்த ஊசி.
தொடைக்கு ஓர் அரிசிமணி அளவு தசை.
நைட்ரஜனில் போட்டதும் சீறியது.
"ஒரு குருவிக்குக் காணாது," என்று எட்டிப் பார்த்தார்.

மையோஸ்டாட்டின் என்றேன்.
அவர் வாயில் அது நிற்கவில்லை.
தசையிடம் 'போதும்' என்று சொல்லும் புரதம் என்றேன்,
சோறு விழ விழ இலைக்குமேல் கை நீட்டுகிறோமே, அப்படி.
கட்டுக்குள் கிடந்த காலில்
அது கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியிருக்கலாம்.
சொன்னதா என்றுதான் பார்க்கிறோம்.

"அத அடைச்சிட்டா?"

எங்கோ குளிர்நாட்டில் ஒரு மாட்டினம்.
அந்தச் சொல் பிறப்பிலேயே பழுது அதற்கு.
பின்புறம் இரண்டு மாட்டு அகலம்.
கன்று வெளியே வர வயிற்றைக் கிழிக்க வேண்டும்.

சூசை கட்டிலில் சாய்ந்து கொஞ்சநேரம் பேசவில்லை.
"முப்பத்தொரு வருசமா குலை வெட்டுறேன்.
டன்னுக்குத்தான் கூலி.
போதும்னு சொல்ற ஒருத்தன்
எனக்குள்ளேயே இருந்திருக்கான், பாரு,
மண்டோருக்குத் தெரியாம."
சிரித்த சிரிப்பில் பஞ்சு நழுவியது.
மறுபடி ஒட்டினேன்.

இரவு, படலத்தில் பட்டைகள்.
இடது கால் கருப்பாக,
வலது கால் பாதி அழித்த பென்சில் கோடாக.
மூன்று முறை ஓட்டினேன்.
மூன்றாவதில் வித்தியாசம் மெலிந்தது.
எட்டாம் ஆளிடம் தலைகீழ்.
ஒன்பதாம் ஆள் தனக்கோடி
வலது தொடையோடு போனவர், இடதுக்குத் திரும்பவே இல்லை;
லோரி ஓட்டப் போய்விட்டாராம், குளுவாங் பக்கம்.

இருப்பதைக் கூட்டிக் கணக்கு அனுப்பினேன்.
பேராசிரியர் லியோங் ஒரே வரியில் எழுதினார்:
பதினொரு பேர் போதாது.

வியாழக்கிழமை பாசார் மாலாமில்
அப்பம் பாலிக் கடையோரம் சூசை.
ஊன்றுகோல் இல்லை.
சட்டைப்பையிலிருந்து தையல் நாடாவும்
அட்டை போன நோட்டும் எடுத்தார்.
இடது 41. 41. 41½. 41½. 42.
நடுவில் ஒரு நாள் 40,
பக்கத்தில் 'காச்சல்' என்று.
குளித்ததும் அளக்கிறாராம்.
நாற்காலியில் நூறு தரம் எழுந்து உட்காருகிறாராம்,
பேரன் எண்ணுகிறானாம், எழுபதுக்குமேல் ஏமாற்றுகிறானாம்.
"திங்கக்கிழம வேலைக்குப் போறேன்.
இது உங்களுக்கு ஆவுமா?"

அந்த எண்களுக்கு என் அட்டவணையில் கட்டம் இல்லை.
நாடா வேறு பழசு,
முனையில் அரை சென்டிமீட்டர் தேய்ந்து போயிருந்தது;
எல்லாமே அரை குறைவு.
ஆகும் என்றேனா, பார்க்கிறேன் என்றேனா,
நினைவில்லை.
பக்கத்தைக் கிழித்து நீட்டிவிட்டார் அதற்குள்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன்.
அவர் விரலில் இருந்த எண்ணெய் பட்டு
42இன் இரண்டு
கொஞ்சம் பரவியிருந்தது.